பிரிட்ஜ்டவுன் துறைமுகத்தில் ஒரு பகல்: வயதான பெற்றோருடன் போகிறவர்களுக்கு

முழங்கால் வலியால் 10 நிமிடத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் நடக்க முடியாத 72 வயது அம்மாவையும், நடையில் குறையில்லாவிட்டாலும் வெயில் ஏறினால் தலைசுற்றி உட்கார்ந்துவிடும் 76 வயது அப்பாவையும் அழைத்துக்கொண்டு, கடந்த பிப்ரவரியில் கரீபியன் கடலில் 7 இரவுகள் கப்பலில் போய்வந்தோம். அமெரிக்காவில் வேலைபார்க்கும் தம்பி பதிவுசெய்த பயணம் அது. புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் ஏறி, கிழக்குக் கரீபியன் தீவுகள் சிலவற்றைத் தொட்டுவிட்டு, மறுபடியும் சான் ஹுவானிலேயே இறங்கினோம். கப்பலின் விருந்தையும் விளக்குகளையும் பற்றி எழுதியவர்கள் பலர் இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். பார்படோஸ் தீவில், அதன் தலைநகரான பிரிட்ஜ்டவுனில், காலை 8 மணியிலிருந்து மாலை 4 மணி வரை எங்களுக்குக் கிடைத்த பகலை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். கிளம்புவதற்கு முன் நான் தேடிய விவரங்கள் எளியவை: எத்தனை படி ஏறி இறங்க வேண்டும், உட்கார இடம் எங்கே இருக்கிறது, நிழல் உண்டா, கழிப்பறை எங்கே, அம்மா சாப்பிடக்கூடிய சைவ உணவு கிடைக்குமா. அவற்றுக்குச் சரியான பதில் எங்கும் கிடைக்காததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் தீவை அடைவதிலுள்ள சிரமத்தைச் சொல்லிவிட வேண்டும். வரைபடத்தைப் பார்த்தால் மற்றத் தீவுகளெல்லாம் வில்லின் வளைவுபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க, பார்படோஸ் மட்டும் அந்த வில்லுக்குக் கிழக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் பெருங்கடலில் தனியாகக் கிடப்பது தெரியும். மற்றத் தீவுகளின் மேற்குப் பக்கமாகக் கப்பல் போகும்போது, கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் வியாபாரக் காற்றையும் அது கிளப்பும் அலைகளையும் அந்தத் தீவுகளே மறைத்துக்கொள்கின்றன. பார்படோஸுக்குத் திரும்பும் இரவில் அந்த மறைப்பு நீங்கிவிடுகிறது. கப்பல் காற்றையும் அலையையும் நேருக்கு நேராகச் சந்திக்கிறது. எங்கள் அறை 9ஆம் தளத்தில், முன்பக்கத்தில் இருந்தது. நள்ளிரவுக்குப் பிறகு படுக்கையே ஏறி இறங்குவது போலிருந்தது. அம்மா இரண்டு முறை வாந்தியெடுத்தார். காலையில் பார்த்தால், கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்து அறையில் இருந்த தம்பி குடும்பம் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தது. ஊஞ்சல் பலகையின் நுனியில் உட்காருவதற்கும் நடுவில் உட்காருவதற்கும் உள்ள வேறுபாடுதான். வயதானவர்களுக்குப் பதிவுசெய்கிறவர்கள் கடலைப் பார்த்த பால்கனியைவிட, நடுப்பகுதியில் கீழே இருக்கும் அறைக்கே முதலிடம் கொடுக்க வேண்டும் என்பதை நான் அந்த இரவில்தான் கற்றேன். பார்படோஸுக்கு முந்தைய இரவு மட்டுமாவது உணவைக் குறைத்துக்கொண்டு, குமட்டலுக்கான மாத்திரையைக் குமட்டல் வருவதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன சுக்குப்பொடி விடியற்காலையில் அம்மாவுக்குக் கொஞ்சம் கைகொடுத்தது.

அந்த இரவுக்குப் பிறகு, காலை இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிரிட்ஜ்டவுன் துறைமுகம் தீவின் தென்மேற்கில், காற்று படாத பக்கத்தில் இருப்பதால், கப்பல் கரையில் கட்டப்பட்டதும் ஆட்டம் அடியோடு நின்றுவிட்டது. இங்குள்ள ஆழ்நீர்த் துறைமுகம் 1961இல் திறக்கப்பட்டது; கரைக்கு அப்பால் இருந்த பெலிக்கன் தீவு என்ற சிறு திட்டையும் சேர்த்து, கடலைத் தூர்த்து அதைக் கட்டினார்கள். அதற்கு முன்பு பெரிய கப்பல்கள் கார்லைல் விரிகுடாவில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்கும் படகுகளில்தான் கரைக்கு வரவேண்டியிருந்தது. இன்றும் கிராண்ட் கேமன் போன்ற தீவுகளில் சொகுசுக் கப்பல்கள் நடுக்கடலில் நின்று பயணிகளைச் சிறு படகுகளில் இறக்குகின்றன. அலையில் ஏறி இறங்கும் படகுக்கும் கப்பலுக்கும் நடுவே முழங்கால் வலியுள்ள ஒருவர் கால் தூக்கி வைப்பது எவ்வளவு அச்சம் தருவது என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்ஜ்டவுனில் அந்த அச்சமே இல்லை. கப்பலின் கதவிலிருந்து துறைமேடைக்கு ஒரு நடைபாலம், அவ்வளவுதான். இந்தக் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவுக்குள் அடங்கிவிடுவதால், காலையில் மெல்லிய சரிவாக இருந்த பாலம் மாலையில் செங்குத்தாக மாறிவிடுவதுமில்லை. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தாமாகவே இறங்கினார். சக்கர நாற்காலியில் வந்த இன்னொரு முதியவரை ஊழியர் ஒருவர் தனியாகவே தள்ளிக்கொண்டு போனார்.

சரக்குக் கப்பல்களும் இதே துறைமுகத்துக்குத்தான் வருகின்றன. ஆகையால் கப்பல் நிற்கும் இடத்துக்கும் பயணியர் முனையக் கட்டடத்துக்கும் இடையே, கொள்கலன்களும் பாரவண்டிகளும் நகரும் பகுதியைக் கடக்க இலவசச் சிற்றுந்து விடுகிறார்கள். அன்று வேறு சில கப்பல்களும் வந்திருந்தபோதும் எங்களுக்குக் காத்திருப்பு 10 நிமிடத்தைத் தாண்டவில்லை. முனையக் கட்டடத்துக்குள் தீர்வையில்லாக் கடைகள், தகவல் மேசை, அஞ்சலகம், கழிப்பறைகள், டாக்ஸிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் இடம் எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. கடைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வைரமும் கைக்கடிகாரமும் ரம்மும் எல்லாக் கரீபியன் துறைமுகங்களிலும் ஒரே மாதிரிதான் அடுக்கியிருக்கின்றன. கழிப்பறை சுத்தமாக இருந்தது. வெளியே போவதற்கு முன் அதைப் பயன்படுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம், ஏனென்றால் நகருக்குள் பொதுக் கழிப்பறையைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. தண்ணீரை மட்டும் வாங்க வேண்டாம். பார்படோஸ் சுண்ணாம்புப் பாறைத் தீவு. மழைநீர் அந்தப் பாறையினூடே வடிந்து நிலத்தடியில் சேர்கிறது, அங்கிருந்து எடுத்துச் சுத்திகரித்துக் குழாயில் விடுகிறார்கள். உள்ளூர் மக்கள் குழாய்த் தண்ணீரையே குடிக்கிறார்கள். நாங்களும் நாள் முழுவதும் அதைத்தான் பாட்டிலில் நிரப்பிக் குடித்தோம். யாருக்கும் வயிற்றில் ஒன்றும் ஆகவில்லை.

இங்கே எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. தம்பியும் அவன் மனைவியும் பிள்ளைகளும் கப்பல் நிறுவனம் விற்ற அரைநாள் கரை உலாவுக்குப் போனார்கள். நான் அம்மா அப்பாவுடன் தனியாகக் கிளம்பினேன். ஒரே தீவை ஒரே நாளில் இரண்டு விதமாகப் பார்த்துவிட்டு இரவு உணவின்போது ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது என்பதால், இந்த மதிப்பீட்டில் நான் உறுதியாகச் சொல்வது ஒன்று உண்டு. பார்படோஸில் பயணிக்குக் கிடைக்கும் வசதிகளில் சிறந்தவை, அந்தத் தீவு தன் மக்களுக்காகக் கட்டிவைத்திருப்பவை. பேருந்து, குடிநீர், நிழலில் போட்ட இருக்கை, யாரும் தடுக்க முடியாத கடற்கரை ஆகியவற்றை ஒரு நாள் நாமும் பகிர்ந்துகொள்கிறோம். பணம் கொடுத்து வாங்கிய சொகுசு எதுவும் அவற்றுக்கு ஈடாகவில்லை.

தம்பி போன உலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீவின் நடுவே, செயின்ட் தாமஸ் பகுதியில் இருக்கும் ஹாரிசன் குகையைப் பார்ப்பதுதான் அதன் முக்கிய நோக்கம். 1981இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்ட அந்தச் சுண்ணாம்புக் குகைக்குள், தொங்கும் கல் விழுதுகளுக்கும் ஊற்றுகளுக்கும் நடுவே மின்வண்டியில் உட்கார்ந்தபடியே போகலாம். மேலேயிருந்து பள்ளத்தாக்கின் தரைக்கு இறங்க மின்தூக்கியும் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட உகந்த குகை கிடைப்பது அரிது. தம்பி குகையைப் பார்த்து மனம் நிறைந்துதான் திரும்பினான். அவனுடைய குறையெல்லாம் குகைக்கு வெளியே இருந்தது. எல்லா இருக்கைகளும் நிரம்பும் வரை ஏறத்தாழ 40 நிமிடம் வண்டியை வெயிலில் நிறுத்திவைத்தார்கள். வண்டியின் முதல் படி பிள்ளைகளே தாவி ஏறும் உயரத்தில் இருந்தது. திரும்பும் வழியில் யாரும் கேட்காமலேயே ஒரு நினைவுப்பொருள் கடையில் 20 நிமிடம் இறக்கிவிட்டார்கள். நல்லவேளையாக அம்மாவை அதில் ஏற்றவில்லை. அந்த உலாவுக்கு ஒரு நன்மை உண்டு என்பதையும் மறைக்கக்கூடாது: கப்பல் நிறுவனத்தின் வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நாமே போய்த் தாமதமானால் காத்திருக்காது. அந்த நிம்மதிக்காக எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அவரவர்தான் முடிவுசெய்ய வேண்டும். குகை துறைமுகத்திலிருந்து அரைமணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அடுத்த முறை போனால், குகைக்கு முன்பதிவு செய்துகொண்டு டாக்ஸியில் போவேன்.

பார்படோஸ் டாக்ஸிகளை ‘இசட்’ என்று தொடங்கும் எண் பலகையை வைத்து அடையாளம் காணலாம். அவற்றில் மீட்டர் கிடையாது. ஊருக்கு ஊர் நிர்ணயித்த கட்டணம் இருக்கிறது. அதை ஏறுவதற்கு முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்வதுதான் அங்கே வழக்கம், அதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை. சொல்லும் தொகை வண்டிக்கா, ஆளுக்கா, அமெரிக்க டாலரிலா, பார்படோஸ் டாலரிலா என்ற நான்கையும் கேட்டுவிட வேண்டும். 1975 முதல் 2 பார்படோஸ் டாலர் 1 அமெரிக்க டாலருக்குச் சமம் என்று நிலையாக வைத்திருப்பதால், நாணயத்தைக் குறிப்பிடாமல் பேசினால் கணக்கு இரண்டு மடங்கு மாறிப்போகும். எங்களுக்குக் கிடைத்த ஓட்டுநர் நடுத்தர வயதுப் பெண். அம்மா உட்காரும் முன் முன்னிருக்கையைப் பின்னால் தள்ளி, கால் நீட்ட இடம் செய்துகொடுத்த பிறகுதான் எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

அப்பாவுக்கு ஒரே ஒரு விருப்பம்தான் இருந்தது. கென்சிங்டன் ஓவல் மைதானம் துறைமுகத்திலிருந்து இளைஞர்கள் நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஃபோன்டபெல் பகுதியில் இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளின் மண்ணில் முதல் டெஸ்ட் ஆட்டம் 1930 ஜனவரியில் இங்கேதான் நடந்தது. 1971இல் வாடேகர் தலைமையில் போன இந்திய அணிக்குச் சென்னையின் வெங்கட்ராகவன் துணைத்தலைவர். அந்தத் தொடரில், இந்த மைதானத்தில், கவாஸ்கர் இரண்டாம் இன்னிங்ஸில் 117 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றதைச் செய்தித்தாளில் படித்த நாளை அப்பா இன்றும் நினைவில் வைத்திருக்கிறார். 1997இல் வெற்றிக்கு 120 ஓட்டங்கள் மட்டுமே தேவை என்ற நிலையில் இந்தியா 81 ஓட்டங்களில் சுருண்டதும் இதே இடத்தில்தான். 2024 ஜூன் 29 அன்று தென்னாப்பிரிக்காவை 7 ஓட்டங்களில் வென்று இருபது ஓவர் உலகக் கோப்பையை எடுத்ததும் இங்கேதான். அன்று ஆட்டம் எதுவும் இல்லாததால் உள்ளே போக முடியவில்லை. வெளியே நிற்கும் கேரி சோபர்ஸ் சிலையருகே அப்பா சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு வாயிற்காவலரிடம் போய், கம்பிக் கதவு வழியாகப் புல்தரையைப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே தம் நாற்காலியை எடுத்து நிழலில் போட்டு, ‘உட்கார்ந்து பாருங்கள்’ என்றார். கிரிக்கெட் பார்க்கும் குடும்பத்தில் ஒருவர் இருந்தாலும் இந்த நிறுத்தத்தை விடக்கூடாது. டாக்ஸியில் போகும்போது வழியிலேயே வருகிறது. அரைமணி நேரம் போதும்.

அங்கிருந்து கார்லைல் விரிகுடா. பிறை வடிவில் வளைந்த இந்தக் கடற்கரை நகரின் தெற்கு ஓரத்திலேயே தொடங்குகிறது. பார்படோஸில் எல்லாக் கடற்கரைகளும் பொதுச்சொத்து. பெரிய விடுதியின் முன்னால் இருக்கும் மணலாக இருந்தாலும் அதில் துண்டை விரித்து உட்கார யாருடைய அனுமதியும் தேவையில்லை. குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்குக் கொடுப்பவர்கள் வந்து கேட்பார்கள்; ‘வேண்டாம்’ என்றால் போய்விடுவார்கள். நாங்கள் இரண்டு நாற்காலிகளும் ஒரு குடையும் எடுத்துக்கொண்டோம். அம்மாவுக்கு நாற்காலி தாழ்வாக இருந்ததால் எழுந்திருக்கச் சிரமப்பட்டார். ஆகையால் அவர் பெரும்பாலான நேரம் சவுக்கு மரத்தடியில் இருந்த திண்டில்தான் உட்கார்ந்திருந்தார். நம் ஊர்க் கடற்கரையில் இருக்கும் அதே சவுக்கு. அங்குள்ளவர்கள் அதை ‘மைல் மரம்’ என்கிறார்கள். மரநிழலைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. தீவின் கடற்கரைகளில், குறிப்பாக மேற்குக் கரையில், மஞ்சினீல் என்ற மரம் இருக்கிறது. அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும்; மழை பெய்யும்போது அதன் அடியில் ஒதுங்கினாலே சொட்டும் நீரில் அந்தப் பால் கலந்து வரும்; பச்சை ஆப்பிள்போன்ற காயைக் கடித்தாலோ உயிருக்கே ஆபத்து. பல இடங்களில் அடிமரத்தில் சிவப்பு வண்ணம் பூசியோ பலகை வைத்தோ காட்டியிருக்கிறார்கள். பெயர் தெரியாத மரத்தின்கீழ் பெற்றோரை உட்காரவைக்கும் முன் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடல் அன்று குளம்போல் இருந்தது. கிழக்குக் கரையில் பாத்ஷீபா போன்ற இடங்களில் அட்லாண்டிக் அலை பாறைகளை அறைந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், மேற்கிலும் தென்மேற்கிலும் இப்படி அமைதியாக இருப்பதுதான் இந்தத் தீவின் இயல்பு. 34 கிலோமீட்டர் நீளமும் 23 கிலோமீட்டர் அகலமும் உள்ள நிலத்துக்கு இரண்டு முற்றிலும் வேறான கடல்கள். மணல் மெதுவாகவே இறங்குவதால், அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீர் வரை வந்தார். தண்ணீர் எடையைத் தாங்கிக்கொண்டதில் முழங்கால் வலி தெரியவில்லை என்று அரைமணி நேரம் நின்றார். பல ஆண்டுகளாக அவர் வலியில்லாமல் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை. எங்கள் பயணம் முழுவதிலும் எனக்கு மிகவும் நிறைவு தந்த அரைமணி நேரம் அதுதான்.

மதிய உணவில்தான் கொஞ்சம் தடுமாறினோம். அப்பாவுக்குச் சிக்கலில்லை, பறக்கும் மீனைப் பொரித்து ரொட்டியில் வைத்துக் கொடுக்கும் ‘கட்டர்’ அவருக்குப் பிடித்துப்போனது. மஞ்சள் நிறத்தில், கடுகும் மிளகாயும் அரைத்த காரக் குழம்பு ஒன்றை மேலே ஊற்றித் தருகிறார்கள். நம் நாக்குக்கு அது குறையே வைக்காது. அம்மா சைவம். ‘அரிசியும் பயறும்’ என்ற உணவைப் பார்த்ததும், துவரையைப் போட்டு வேகவைத்த சாதம்தானே என்று நான் வாங்கப்போனேன். அருகில் நின்ற ஒரு பெண்மணி, அதில் பல சமயம் உப்புக்கண்டம் போட்டுச் சமைப்பார்கள், கேட்டு வாங்குங்கள் என்று எச்சரித்தார். கேட்டால் போட்டிருந்தார்கள். சைவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். கடைசியில், பாலாடைக்கட்டியும் மக்ரோனியும் சேர்த்து அடுப்பில் வேகவைத்து அடையாக வெட்டித் தரும் ‘மக்ரோனி பை’யும், வறுத்த பழுத்த நேந்திரங்காய் போன்ற வாழையும், இளநீரும் அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தன. அந்த அடையில் முட்டை சேர்ப்பதுண்டா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. நகரின் சீப்சைட் பகுதியில், டெம்பிள் யார்டு என்ற இடத்தில் ரஸ்தாஃபாரி சமயத்தவர் கடைகள் வைத்திருக்கிறார்கள். அவர்கள் ‘ஐட்டல்’ என்று சொல்லும் உணவில் இறைச்சிக்கு இடமில்லை. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் மதிய உணவை அங்கே வைத்துக்கொண்டிருப்பேன். புளியைச் சர்க்கரையோடு பிசைந்து உருட்டிய புளி உருண்டைகளைத் தெருவோரத்தில் விற்கிறார்கள். குமட்டலுக்கு மிக நல்லது. கப்பலுக்கென்று நான்கு பொட்டலம் வாங்கிக்கொண்டோம்.

திரும்பும்போது பேருந்தில் போகலாம் என்று அப்பா சொன்னபோது எனக்குத் தயக்கமாக இருந்தது. பார்படோஸில் மூன்று விதமான பேருந்துகள் ஓடுகின்றன: நீல நிற அரசுப் பேருந்துகள், மஞ்சள் நிறத் தனியார் சிற்றுந்துகள், ‘இசட்-ஆர்’ என்று அழைக்கப்படும் வெள்ளை வேன்கள். மூன்றிலும் ஒரே கட்டணம், எவ்வளவு தூரம் போனாலும் 3.50 பார்படோஸ் டாலர், அதாவது 1.75 அமெரிக்க டாலர். இசட்-ஆர் வேகமாகப் போகும், பாட்டு அதிரும், ஆட்களை நெருக்கி ஏற்றுவார்கள்; இளைஞர்களுக்கு அது கொண்டாட்டம், என் பெற்றோருக்கு ஒத்துவராது. நாங்கள் அரசுப் பேருந்துக்குக் காத்திருந்தோம். அங்குள்ள நிறுத்தங்களில் ‘நகருக்கு’ அல்லது ‘நகருக்கு வெளியே’ என்று எழுதிய வட்டப் பலகை இருக்கிறது. ஊருக்குப் புதியவர்கூட எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று ஒரு நொடியில் புரிந்துகொள்ளலாம். சாலையின் எந்தப் பக்கம் நின்று விசாரிப்பது என்று தெரியாமல் பெரியவர்கள் வெயிலில் குறுக்கும் நெடுக்கும் கடப்பதை நம் ஊர்களில் நாள்தோறும் பார்க்கிறவள் என்பதால், இந்தச் சிறு பலகை எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. வந்தது மின்சாரப் பேருந்து. படி தாழ்வாக இருந்தது. அரசுப் பேருந்தில் சில்லறை திருப்பித் தரமாட்டார்கள் என்பதால் சரியான தொகையை டாக்ஸியில் மாற்றி வைத்திருந்தேன். ஏறுகிற ஒவ்வொருவரும் பொதுவாக எல்லாரையும் பார்த்து ‘குட் ஆஃப்டர்நூன்’ சொல்ல, உட்கார்ந்திருப்பவர்கள் பதில் சொன்னார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அவர் கைகூப்பி வணங்கினார். அதற்கும் பதில் வந்தது. பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு சிறுவன் யாரும் சொல்லாமலேயே எழுந்து இடம் கொடுத்தான்.

பேருந்து ஃபேர்சைல்ட் தெரு நிலையத்தில் நின்றது. அங்கிருந்து கடல்நீர் உள்ளே வரும் கால்வாய்போன்ற ‘கெரீனேஜ்’ கரைக்குச் சில நிமிட நடைதான். முற்காலத்தில் மரக்கப்பல்களைச் சாய்த்து அடிப்பாகத்தைச் சுரண்டிச் செப்பனிட்ட இடம் அது. இப்போது படகுகள் கட்டிக்கிடக்கின்றன. அதன் கரையில் விடுதலைச் சதுக்கத்தில் நிழலும் இருக்கைகளும் இருக்கின்றன. எதிர்க்கரையில் 1870களில் கட்டிய நாடாளுமன்றக் கட்டடமும் அதன் மணிக்கூண்டும் தெரிகின்றன. நகரத்தின் பழைய பகுதியையும் அதன் படைமுகாமையும் 2011இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நாடாளுமன்றத்தின் முன்னால் 1813 முதல் நின்ற நெல்சன் சிலையை 2020 நவம்பரில் அகற்றினார்கள். மறு ஆண்டு நவம்பர் 30 அன்று நாடு குடியரசானது. அப்பாவும் அம்மாவும் அந்த இருக்கையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். விற்கவோ விரட்டவோ யாரும் வரவில்லை. கப்பல் பயணிகள் வந்திறங்கும் நகரங்களில் இது எவ்வளவு அரிது என்பது, அதே பயணத்தில் மற்றத் துறைமுகங்களைப் பார்த்த பிறகு எனக்கு நன்றாகப் புரிந்தது.

அந்த நேரத்தில் நான் மட்டும் பிராட் தெருவையும் ஸ்வான் தெருவையும் பார்த்துவந்தேன். பிராட் தெருவில் வங்கிகளும் பெரிய கடைகளும். அதற்குப் பின்னால், வண்டிகள் இல்லாத ஸ்வான் தெருவில் உள்ளூர் மக்கள் துணியும் செருப்பும் பழமும் வாங்குகிறார்கள். அங்குள்ள துணிக்கடைகள் சிலவற்றில் இந்திய முகங்களைக் கண்டேன். பக்கத்துத் தீவான டிரினிடாடுக்கும் கயானாவுக்கும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனதுபோல் பார்படோஸுக்குக் கொண்டுவரவில்லை. இங்குள்ள இந்தியர்கள் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் வணிகர்களாக வந்த குஜராத்திகளும் சிந்திகளும்.

குறைகளும் உண்டு. நகரின் பழைய தெருக்களில் நடைபாதை குறுகலானது. ஓரக்கல் உயரமாக இருக்கிறது, சில இடங்களில் திடீரென்று முடிந்துவிடுகிறது. சக்கர நாற்காலியோடு போகிறவர்கள் தெருவில் இறங்கித்தான் போக வேண்டும். துறைமுகத்துக்கும் நகருக்கும் இடையே ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுள்ள சாலை நடக்க எளிதான சமதரைதான், ஆனால் பெரும்பகுதியில் நிழலில்லை. காலை 10 மணிக்கு மேல் வயதானவர்களை அதில் நடத்திக் கூட்டிப்போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமையில் கப்பல் வந்தால் நகரில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அன்று கடற்கரையோடு நிறுத்திக்கொள்ளலாம். குளிர்காலப் பருவத்தில் ஒரே நாளில் பல கப்பல்கள் வரும்போது கார்லைல் விரிகுடாவில் நண்பகலுக்குள் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. 9 மணிக்கே போய்விட வேண்டும். எல்லாமே விலை அதிகம். உணவின் பெரும்பகுதி இறக்குமதி என்பதால் ஒரு சாதாரண மதியச் சாப்பாட்டுக்கு நம் ஊரில் ஒரு குடும்பம் நல்ல உணவகத்தில் சாப்பிடும் தொகை ஆகிறது. இன்னொன்று: படைவீரர் உடையின் பச்சைத் திட்டு வடிவமுள்ள துணியைக் குழந்தைகளுக்குக்கூடப் போட்டுவிடாதீர்கள். பார்படோஸில் அதை அணிவது சட்டப்படி குற்றம்.

மூன்றரை மணிக்கு டாக்ஸியில் துறைமுகத்துக்குத் திரும்பினோம். வழியில் மீன்பிடித் துறையைக் கடந்தபோது, 2024 ஜூலை 1 அன்று தீவின் தெற்கே கடந்துபோன பெரில் புயலின் அலைகள் இங்கே கட்டியிருந்த படகுகளை ஒன்றோடொன்று மோதவிட்டு நொறுக்கிவிட்டன என்றும், தம் அண்ணனின் படகும் அதில் போயிற்று என்றும் ஓட்டுநர் சொன்னார். உலகக் கோப்பையை வென்ற இந்திய அணி அந்தப் புயலால்தான் உடனே ஊர் திரும்ப முடியாமல் இங்கே தங்கிவிட்டது என்று அப்பா எங்களுக்கு நினைவூட்டினார். இப்போது புதிய படகு வந்துவிட்டதா என்று அம்மா என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். கரையேற்றி வைத்திருந்த ஒரு நீலப் படகைக் கைகாட்டி, ‘வேலை நடக்கிறது’ என்றார். துறைமுக வாயிலில் கப்பல் அட்டையையும் புகைப்பட அடையாளத்தையும் காட்டி உள்ளே போனோம். சிற்றுந்தில் ஏறும் முன் முனையக் கட்டடத்தில் பாட்டிலை மறுபடியும் நிரப்பிக்கொண்டேன். அன்றிரவு கப்பல் மேற்கே திரும்பியதால் காற்று பின்னாலிருந்து வந்தது. ஆட்டம் பாதியாகக் குறைந்திருந்தது, அம்மா விடியும்வரை தூங்கினார்.